சொருகினால் மட்டும் போதுமா?

இல்லமும் அறிவியலும்



கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு குடும்பத் தலைவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். திராட்சைத் தோட்டத்தில் உழைத்து மக்களைப் படிக்கவைக்கும் குடும்பம் அது. வெளியூரில் பணியாற்றும் உறவினர் ஒருவர், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கையடக்கக் கணினி ஒன்றை மகனுக்குப் பரிசாக அளித்தாராம். விளையாட்டுக்கென்று செய்யப்பட்டதாயினும், அதில் நூல் படிக்கலாம், கணினி நிரல் எழுதியும் பழகலாம். ஆயின் அதனுள் வயர்லெஸ் வசதி இல்லை. அக்குறையைப் போக்க யு.எஸ்.பி. வை-ஃபை அடாப்டர் ஒன்றை விலைகொடுத்து வாங்கிச் சொருகினார்கள். ஒன்றும் நிகழவில்லை. அடாப்டரின் விளக்குக்கூட எரியவில்லை. பழுது கணினியிலா, அடாப்டரிலா, அன்றி மகனின் அறியாமையிலா? இதை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவதா? இதுவே அவர் கேள்வி.

மூன்றிலும் பழுது இல்லாதிருக்கலாம் என்பதே நமது முதல் மறுமொழி. இத்தகைய கேள்விகள் இன்று பல இல்லங்களில் எழுகின்றன. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை அதற்கென்றே ஒதுக்குகின்றோம். ஒரு சிறு கருவியைப் பற்றிய பேச்சாகத் தொடங்குவது, அறிவு யாருக்கு உரியது என்னும் பெரிய கேள்வியில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றோம்.

லினக்ஸ் நமக்கு அந்நியமா?

லினக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் மலைக்க வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய நிரல் அது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமத்தோடு வளர்ந்தமையால் உலகெங்குமுள்ள பல்லாயிரவர் அதற்கு உழைப்பை நல்கியுள்ளனர். நம்மவர் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடித்தளமும் லினக்ஸே. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும், விண்டோஸுடன்கூட, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்தது. அறியாமலேயே நம் வீடுகளில் குடியிருந்த விருந்தாளி அது.

லினக்ஸ் கையடக்கக் கணினியும் நம் நாட்டுக்குப் புதிதன்று. பெங்களூர் இந்திய அறிவியற்கழகப் பேராசிரியர் சிலரும் என்கோர் நிறுவனத்தாரும் இணைந்து, எளிய மக்களுக்கென வடிவமைத்த ‘சிம்ப்யூட்டர்’ 2001இல் அறிமுகமாயிற்று. 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் வழியே ‘அமிடா’ என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. எழுத்தறியாதவருக்கும் பயன்படும்வண்ணம் இந்திய மொழிகளில் எழுத்தைப் படித்துக்காட்டும் திறன் அதற்கு இருந்தது. எதிர்பார்த்த அளவு அது விற்பனையாகவில்லை. எனினும் ஏழைக்கும் கையளவு கணினி வேண்டும் என்ற எண்ணத்தை விதைத்த பெருமை அதற்கு உண்டு.

இன்று சந்தையில் உள்ள கையடக்கக் கருவிகள் சிலவற்றில், விலையையும் மின்கலச் செலவையும் குறைக்கும் பொருட்டு, வயர்லெஸ் பகுதியைச் சேர்ப்பதில்லை. தென்கொரியாவின் ஹார்டுகெர்னல் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ஓட்ராய்டு-கோ அட்வான்ஸ்’ இதற்குத் தக்க சான்று. அதன் முதற்பதிப்பில் வை-ஃபை இல்லை, யு.எஸ்.பி. துளை ஒன்றே இருந்தது. அதே ஆண்டில் பின்னர் வந்த கறுப்புப் பதிப்பிலேயே வை-ஃபை சேர்க்கப்பட்டது. முதற்பதிப்பை வாங்கியோர் வெளியிலிருந்து ஓர் அடாப்டரைச் சொருகித்தான் தீரவேண்டும்.

ஐந்து வாயில்கள்

சொருகியவுடன் அடாப்டர் உயிர்பெற வேண்டுமாயின், அது ஐந்து வாயில்களைக் கடக்க வேண்டும். எந்த வாயிலில் தடைபட்டுள்ளது என்று கண்டறிவதே கலை. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

முதல் வாயில் மின்சாரம். யு.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு துளையிலிருந்து 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை பெறலாம். மேசைக் கணினி இதைத் தடையின்றித் தரும். கைக்குள் அடங்கும் சிறு மின்கலத்தில் ஓடும் கருவியோ அவ்வளவு தர இயலாமல் தள்ளாடலாம். அடாப்டர் சும்மா இருக்கையில் குறைந்த மின்சாரத்தையும், அலைகளை அனுப்பும் நேரத்தில் கூடுதலையும் இழுக்கும். ஆகவே விளக்கு எரிந்து, இணைப்பும் கிடைத்து, கோப்பு ஒன்றை இறக்கத் தொடங்கியதும் எல்லாம் அணைந்துபோகுமாயின், ஐயுற வேண்டியது மின்சாரத்தையே. மின்கலத்தை முழுமையாக ஏற்றிப் பார்க்கலாம். அல்லது தனி மின்சாரம் பெறும் யு.எஸ்.பி. ஹப் ஒன்றை இடையே வைக்கலாம்.

இரண்டாம் வாயில், வீட்டுக்காரர் யார், விருந்தினர் யார் என்னும் முறை. யு.எஸ்.பி. இணைப்பில் ஒரு கருவி தலைமை தாங்கும். மற்றது அதற்குக் கீழ்ப்படியும். கையடக்கக் கருவியைக் கணினியுடன் இணைக்கும்போது, கருவி விருந்தினர். அதே துளையில் அடாப்டரைச் சொருகும்போது, கருவியே வீட்டுக்காரராக மாறவேண்டும். மைக்ரோ யு.எஸ்.பி. துளையில் ஐந்து முனைகள் உண்டு. அவற்றில் நான்காவது முனை தரைமுனையோடு சேர்க்கப்பட்டிருந்தால், ‘இனி நீயே தலைமை’ என்று கருவிக்குப் பொருள். இந்தச் சேர்க்கையைத் தன்னுள் கொண்ட கம்பியை ‘ஓ.டி.ஜி. கேபிள்’ என்கிறார்கள். பார்வைக்கு அதைப்போலவே இருக்கும் சாதாரணக் கம்பியில் இச்சேர்க்கை இராது. சிறு தொகைக்குரிய ஒரு கம்பி தவறாக அமைந்ததால் நல்ல அடாப்டரைக் குப்பையில் எறிந்தவர்களும் உண்டு.

மூன்றாம் வாயில் அடையாளம். ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவியும் தன்னைப் பற்றி இரண்டு எண்களைச் சொல்லும். முதல் எண் நிறுவனத்தையும், இரண்டாவது அதன் வகையையும் குறிக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரும் குடும்பமும் எழுதியிருப்பது போன்றது இது. லினக்ஸ் கட்டளைத் திரையில் எல்.எஸ்.யு.எஸ்.பி. என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினால் இவ்வெண்கள் தோன்றும். 148எஃப் - 5370 என்று கண்டால், அது ராலிங்க் ஆர்.டி.5370 சில்லு. 0சி.எஃப்.3 - 9271 என்றால் ஏதெரோஸ் ஏ.ஆர்.9271. 0பி.டி.ஏ. - 8179 என்றால் ரியல்டெக் ஆர்.டி.எல்.8188 குடும்பத்தைச் சேர்ந்தது.

பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரைவிட இந்த எண்ணே முக்கியம். ஏனெனில் ஒரே பெயரில் விற்கப்படும் அடாப்டருக்குள் ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு சில்லு வைக்கப்படுவதுண்டு. டிபி-லிங்க் நிறுவனத்தின் டி.எல்.-டபிள்யூ.என்.722என். என்னும் அடாப்டரின் முதற்பதிப்பில் ஏதெரோஸ் சில்லு இருந்தது. இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் சில்லு. ‘அவர் வீட்டில் வேலை செய்தது, நம் வீட்டில் செய்யவில்லையே’ என்னும் புலம்பலுக்குக் காரணம் பல வேளைகளில் இதுவே.

இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. சில அடாப்டர்கள் சொருகியவுடன் தம்மைக் குறுந்தகடு என்று அறிமுகம் செய்துகொள்ளும். விண்டோஸ் கணினிக்கு வேண்டிய நிரலைத் தம்முள்ளேயே சுமந்துவருவதால் இந்த வேடம். அந்த வேடத்தைக் களைந்து ‘வயர்லெஸாக மாறு’ என்று ஆணையிட லினக்ஸில் ‘யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்’ என்னும் தனி நிரல் இருக்கிறது.

நான்காம் வாயில் டிரைவர். எல்லாவற்றுள்ளும் குறுகிய வாயில் இதுவே. அடாப்டரின் மொழியும் லினக்ஸின் மொழியும் வேறு. இரண்டுக்கும் நடுவே நின்று பெயர்த்துச் சொல்பவரே டிரைவர். லினக்ஸ் கருவின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்கெனத் தொகுக்கப்பட்ட டிரைவர் வேண்டும். மேசைக் கணினிகளில் கரு அடிக்கடி புதுப்பிக்கப்படும். நூற்றுக்கணக்கான டிரைவர்கள் அதனுடன் சேர்ந்தே வரும். கையடக்கக் கருவிகளிலோ பழைய கருவை எடுத்து, வேண்டாதவை என்று தோன்றியவற்றையெல்லாம் நீக்கிவிட்டுத் தருவார்கள். மேலே சொன்ன ஓட்ராய்டு கருவி 2020இல் விற்பனைக்கு வந்தபோதும், அதில் ஓடியது 2016இல் வெளிவந்த 4.4 என்னும் கருப்பதிப்பின் வழிவந்தது. அக்கருவுக்குப்பின் பிறந்த சில்லுகளை அது எங்ஙனம் அறியும்?

டிரைவர் இருந்தும் ‘ஃபர்ம்வேர்’ என்னும் சிறு கோப்பு இல்லாமையால் தடைபடுவதும் உண்டு. இது அடாப்டரின் சில்லுக்குள்ளேயே ஏற்றப்பட வேண்டிய நிரல். மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார், பேசவேண்டியவர் இன்னும் துயிலெழவில்லை என்பது போன்ற நிலை. டி.எம்.இ.எஸ்.ஜி. என்னும் கட்டளை கருவின் நாட்குறிப்பை விரித்துக்காட்டும். எந்தக் கோப்பைத் தேடிக் காணாமல் நின்றது என்று அதில் பெயரோடு எழுதியிருக்கும். அப்பெயருள்ள கோப்பைப் பெற்று, ஃபர்ம்வேருக்குரிய கோப்புறையில் வைத்தால் தடை நீங்கும். நாட்குறிப்பைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வருமாயின், அடாப்டரைக் காட்டிலும் பெரிய பேறு அதுவே.

ஐந்தாம் வாயில் வலையமைப்பு. விளக்கு எரிகிறது, ஆயினும் வீட்டு வை-ஃபையின் பெயர் பட்டியலில் இல்லை. மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே கேட்கும். வீட்டு ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலித்தால் அது இவர்களுக்கு எட்டாது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 வாய்க்கால்கள் உண்டு. அமெரிக்க அமைப்பில் வரும் அடாப்டர் 11 வரை மட்டுமே தேடும். ரூட்டர் 12 அல்லது 13இல் இருந்தால் கண்ணில் படாது. கருவியில் நாட்டின் குறியீட்டை இந்தியா என்று மாற்றினால் போதும்.

இணைப்புக் கிடைத்தும் பக்கங்கள் திறக்க மறுத்தால், கருவியின் நாட்காட்டியைப் பாருங்கள். மின்கலம் தீர்ந்து மீண்டும் உயிர்பெற்ற சில கருவிகள் 1970 ஜனவரி 1ஆம் நாளில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும். இணையத்தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களை நாள் பார்த்தே ஏற்கும் கருவி, இன்னும் பிறவாத சான்றிதழை எப்படி நம்புவது என்று கதவடைத்துவிடும். நாளைத் திருத்தியதும் கதவு திறக்கும்.

முட்டையா, கோழியா?

டிரைவரைப் பெற இணையம் வேண்டும்; இணையத்தைப் பெற டிரைவர் வேண்டும். முட்டையா முந்தியது, கோழியா முந்தியது என்னும் சிக்கல் இது. வீட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஆண்ட்ராய்டு தொலைபேசியைத் தரவு செல்லும் கம்பியால் கருவியுடன் இணைத்து, தொலைபேசியின் அமைப்புகளில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்குங்கள். தொலைபேசி அப்பொழுது கருவியின் கண்ணுக்கு ஒரு வலையமைப்பு அட்டையாகத் தோன்றும். இதற்குரிய டிரைவர் பெரும்பாலான லினக்ஸ் கருக்களில் முன்னரே இருக்கிறது. தொலைபேசி தான் பெற்ற இணையத்தைக் கம்பி வழியே கருவிக்கு ஊட்டும். தேவையான டிரைவரை அவ்வாறு பெற்றபின், அடாப்டரைச் சொருகிக்கொள்ளலாம்.

இதுவும் இயலாதெனின், நண்பர் வீட்டுக் கணினியில் கோப்பை இறக்கி, நினைவக அட்டையில் எடுத்துவரலாம். கருவின் பதிப்பெண்ணை ஒரு தாளில் குறித்துச் செல்ல மறவாதீர்கள். யு.நேம் -ஆர் என்னும் கட்டளை அதைச் சொல்லும். இத்தனையும் செய்தபின்னும் டிரைவர் கிடைக்கவில்லையெனில், அப்போதுதான் வேறு சில்லுள்ள அடாப்டரை நாட வேண்டும்.

தேனியில் நடந்தது

இவையெல்லாம் விளையாட்டுப் பெட்டிக்கான பாடு என்று எவரும் எள்ளாதிருக்க, நம் தேனி மாவட்டத்திலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லவேண்டும்.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனியிலும் கிளை கண்டது. ஊர்ப்புறத்து முதியோர் பலர் கண் மங்கியும் மருத்துவமனைக்கு வருவதில்லை. ஒருநாள் கூலி போகும். உடன்வருபவரின் கூலியும் போகும். ஆகவே சிற்றூர்களுக்கு அண்மையில் சிறு கண் மையங்களை அமைத்து, பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைச் சோதிக்க, தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி முடிவுசொல்லும் முறை வகுக்கப்பட்டது. அதற்கு விரைவான தொடர்பு வேண்டும். அந்நாளில் ஊர்ப்புறத்துத் தொலைபேசிக் கம்பி அதற்குப் போதவில்லை.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர் எரிக் புரூவரின் குழுவினர், வீட்டுக்குள் பயன்படும் மலிவான வை-ஃபையையே நெடுந்தொலைவுக்கு நீட்ட முனைந்திருந்தனர். 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரவிந்துடன் கைகோத்து, போடி, சின்னமனூர், தேனியை அடுத்த அம்பாசமுத்திரம் முதலிய இடங்களின் கண் மையங்களைத் தேனியோடு இணைத்தனர். அதே 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நடுவண் அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை வெளிப்புறத்திலும் உரிமமின்றிப் பயன்படுத்த இசைவளித்திருந்தது என்பதும் கருதத்தக்கது.

அவர்கள் கையாண்ட கருவி எது? சிறு பலகையில் அமைந்த லினக்ஸ் கணினி. அதன் வேகம் 266 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 128 மெகாபைட். இன்று சிறுவர் கையில் தவழும் விளையாட்டுப் பெட்டியின் ஆற்றலில் அது சிறு பங்கே. அதில் ஏதெரோஸ் சில்லுள்ள வயர்லெஸ் அட்டையைப் பொருத்தினர். இணைத்த வழி யு.எஸ்.பி. அன்று, மினி பி.சி.ஐ. என்பது. எனினும் எதிர்கொண்ட வாயில்கள் ஏறக்குறைய இவையே.

தொலைவே அவர்களின் முதற்பகை. வை-ஃபை முறையில், ஒருவர் ஒரு செய்தித்துண்டை அனுப்பியதும் ‘பெற்றேன்’ என்னும் ஒப்புகைக்காகக் காத்திருப்பார். அக்காத்திருப்பு, வீட்டுக்குள் போதுமான அளவே வகுக்கப்பட்டது. 15 கிலோமீட்டர் சென்று மீள ஒளிக்கும்கூட ஒரு விநாடியின் 10,000இல் ஒரு பங்கு நேரம் வேண்டும். ஒப்புகை வந்துசேருமுன் பொறுமை இழந்த கருவி, செய்தி தொலைந்ததென்று எண்ணி மீண்டும் அனுப்பும். இரு முனையும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒன்றன் குரலை மற்றொன்று மூழ்கடிக்கும்.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு நம் இல்லத்துச் செபமாலையை ஒத்தது. ஒரு பக்கத்தார் முற்பகுதியைச் சொல்லி முடித்தபின் மறுபக்கத்தார் பிற்பகுதியைச் சொல்லுவர் அன்றோ? அவ்வாறே இரு முனைகளுக்கும் நேரத்தைப் பங்கிட்டு, முறைவைத்துப் பேசச்செய்தனர். துண்டு தோறும் ஒப்புகை கேளாமல், தொகுதியாக ஒப்புகை பெறவும் வழிசெய்தனர். வழக்கமான வை-ஃபையைக் காட்டிலும் 2 முதல் 5 மடங்கு வரை கூடுதலான செய்தி இவ்வகையில் சென்றது என்று 2007இல் வெளியிட்ட ஆய்வுரையில் பதிவு செய்துள்ளனர்.

மற்றப் பகை மின்சாரம். மின்னழுத்தம் திடீரென ஏறியும் தாழ்ந்தும் பலகைகளைக் கெடுத்தது. மின்சாரம் சட்டென நின்றமையால் நினைவக அட்டைகள் சிதைந்தன. நம் வீட்டுக் கையடக்கக் கருவியையும் முறையாக நிறுத்தாமல் மின்கலம் தீர விடுவது இதே கேட்டை விளைக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். காலப்போக்கில் கோபுரத்துக் கருவிகளைப் பேணும் பணியை வெளிநாட்டவரிடமிருந்து மருத்துவமனையின் பணியாளரே ஏற்றுக்கொண்டனர். தொலைவிலிருந்து வந்த அறிவு உள்ளூரில் வேர்பிடித்த நேரம் அது.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கொரு முன்னோடி உண்டு. 1931 பிப்ரவரி 12ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கிவைத்த வத்திக்கான் வானொலியை அமைத்துத் தந்தவர் மார்க்கோனி. அவரே 1933இல் வத்திக்கானுக்கும் காஸ்தல் கந்தோல்ஃபோவிலுள்ள திருத்தந்தையின் கோடை இல்லத்துக்கும் இடையே மிகக் குறுகிய அலைகளில் இயங்கும் வயர்லெஸ் தொலைபேசித் தொடர்பை நிறுவினார். திருத்தந்தையின் கோடை இல்லத்துக்கு அன்று வாய்த்தது போன்ற தொடர்பு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் சின்னமனூர்ப் பாட்டியின் கண்ணுக்கும் வாய்த்தது.

திராட்சைக் கொடி சொல்லும் பாடம்

ஓர் உண்மையை இங்கு ஊன்றிப் பார்க்க வேண்டும். தேனிக் குழுவினர் வை-ஃபையின் பேச்சு முறையை மாற்ற முடிந்தது எதனால்? லினக்ஸும், ‘மேட்வைஃபை’ என்னும் டிரைவரின் பெரும்பகுதியும் எவரும் திருத்தத்தக்க வகையில் திறந்திருந்தன. அட்டையை நேரடியாக இயக்கும் ஒரு பகுதி மட்டும் அந்நாளில் மூடிவைக்கப்பட்டிருந்தது. 2008இல் ஏதெரோஸ் நிறுவனம் அப்பகுதியின் மூலநிரலையும் வெளியிட்டது. நாம் மேலே கூறிய யு.எஸ்.பி. சில்லான ஏ.ஆர்.9271க்கு 2010 முதல் லினக்ஸ் கருவிலேயே டிரைவர் உண்டு. 2013இல் அதன் ஃபர்ம்வேரின் மூலநிரலும் திறந்து வைக்கப்பட்டது. ஆகவே நெடுங்காலத்துக்குமுன் வாங்கிய அவ்வடாப்டர், இன்றைய லினக்ஸிலும் சொருகியவுடன் உயிர்பெறுகிறது. மூடிவைத்த டிரைவரையே நம்பிய சில அடாப்டர்களோ, நிறுவனம் கைவிட்டதும், சில்லு நலமாக இருக்கையிலேயே குப்பைக்குப் போகின்றன.

காமயகவுண்டன்பட்டி மக்களுக்கு இதை விளக்க வெளியூர் உவமை தேவையில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை இம்மண்ணில் பிறந்ததன்று. 1832இல் பிரெஞ்சு நாட்டு அருட்தந்தை ஒருவர் அவ்வகையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று வரலாறு கூறப்படுகிறது. ஒரு கொடி பள்ளத்தாக்கெங்கும் பந்தலாகப் படர்ந்தது எப்படி? ஒருவர் தோட்டத்துக் கொடியை வெட்டி அடுத்தவர் நட்டார், அவரிடமிருந்து அதற்கடுத்தவர். கொடி கொடுத்தவருக்குக் கொடி குறையவில்லை. திறந்த டிரைவரும் இத்தகைய வெட்டுக்கொடியே. பகிர்ந்தால் பெருகும், பூட்டினால் ஒரு தோட்டத்தோடு முடியும்.

புனித இரண்டாம் யோவான் பவுல் 1991இல் வெளியிட்ட ‘நூறாம் ஆண்டு’ என்னும் சுற்றுமடலில், நம் காலத்தில் நிலத்தைப் போலவே அறிவும் தொழில்நுட்பமும் ஒரு பெருஞ்சொத்தாகிவிட்டன என்றும், அவ்வறிவின் வட்டத்துக்குள் நுழைய வழியற்ற மக்கள் ஓரத்தில் ஒதுக்கப்படுகின்றனர் என்றும் சுட்டிக்காட்டினார். உலகின் பொருள்கள் எல்லார்க்கும் பொது என்னும் திருச்சபையின் படிப்பினை அறிவுக்கும் பொருந்தும். உழைத்துக் கண்டவருக்கு ஊதியம் உரியதே. ஆயினும் ஏழை வாங்கிய கருவியை ஏழையே பழுதுபார்க்க இயலாதபடி பூட்டுவது எவ்வகையில் நியாயம்?

வாங்குமுன் எண்ணுங்கள்

ஆகவே அடாப்டர் வாங்கச் செல்வோர்க்கு நாம் சொல்வது இதுவே. விலையையும் பெட்டியின் படத்தையும் பார்த்து வாங்காதீர்கள். உள்ளேயுள்ள சில்லின் பெயரைக் கேளுங்கள். உங்கள் கருவியின் கருப்பதிப்பில் அச்சில்லுக்கு டிரைவர் உண்டா என்று முன்னரே பாருங்கள். பழைய கருவுள்ள கையடக்கக் கருவிக்குப் புத்தம்புதிய அடாப்டரைவிடப் பழைய ஆர்.டி.5370 போன்ற எளியதே பெரும்பாலும் ஏற்றது. சொருகிப் பார்த்து வாங்கக் கடைக்காரர் இசைந்தால், கருவியையும் ஓ.டி.ஜி. கேபிளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். இணையம் வந்ததும் வீட்டின் கதவு ஒன்று உலகை நோக்கித் திறக்கிறது. அக்கதவருகே பெற்றோர் இருத்தல் நன்று. கருவியைக் கூடத்தில் வைத்துப் பயன்படுத்தட்டும். மாலைச் செபத்துக்கும் உணவுக்கும் அது ஓய்வு கொள்ளட்டும். அதேவேளை, பிள்ளை கட்டளைத் திரையில் கறுப்புப் பின்னணியில் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தால் வீணாகப் பொழுதுபோக்குகிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். தவறு எங்கே என்று தேடி, படித்து, மீண்டும் முயன்று பெறும் கல்வி அது. மகளுக்கும் அவ்வாய்ப்பை மறவாமல் அளியுங்கள்.

பங்குகளில் உள்ள இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனையோ இல்லங்களின் மேசை இழுப்பறைகளில் ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிடப்பட்ட அடாப்டர்கள் கிடக்கின்றன. ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் அவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றையும் சொருகி, அடையாள எண்ணைப் படித்து, ‘இந்த எண், இந்தக் கருவி, இந்தக் கருப்பதிப்பு, வேலை செய்தது’ என்று ஒரு தாளில் எழுதிப் பங்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒரு வீட்டில் பயனற்றது அடுத்த வீட்டுக் கருவிக்குப் பொருந்தலாம். புதிதாக வாங்கும் செலவும் மிஞ்சும், குப்பையும் குறையும். எழுதி ஒட்டிய அந்தத் தாள், அயலாருக்கு வெட்டிக் கொடுத்த ஒரு கொடியாகட்டும்.